எலுமிச்சம்பழத்தில் ஏறாத ஆஸ்டின்

ஈப்போ பட்டணத்தில் பிரேக் வேலை என்றால் அர்ச்சுனனிடம் போ என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்கு அவனை வேறு எதற்கும் பிடிக்காது. வாய் அப்படி. வேலை கொடுக்க வந்தவனையே, “ஒனக்கெல்லாம் எவன்யா லைசன் கொடுத்தான்?” என்று கேட்டு அனுப்புவான். ஆனால் அவன் கை வைத்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும். அந்த ஒரு பெயரை வைத்துக்கொண்டுதான் புந்தோங்கில் வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, ஐம்பது வயது தாண்டியும் யாருக்கும் தலை வணங்காமல் இருந்தான். மனைவி ஜொகூரில் மகள் வீட்டுக்குப் பேரப்பிள்ளை பார்க்கப் போனவள். திரும்பி வருகிற பேச்சே இல்லை. அவளைக் குறை சொல்வதற்கில்லை.

வீட்டில் சோறு பொங்கிப் போட்டது தங்கச்சி குமுதா. தம்புன் சாலையில் மோட்டார் சைக்கிளோடு புருஷன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்தாறு வயது. பிள்ளை இல்லை. மாமியார் வீட்டில் துணிமணியை மூட்டை கட்டிக் கையில் கொடுத்தார்கள். அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்தவள்தான். பகலில் மெங்லெம்புவில் வேர்க்கடலை பாக்கெட் போடுகிற பேக்டரி. சாயங்காலம் அண்ணனுக்குச் சமையல். சமையல் முடிந்ததும் பெடல் மிதிப்பு.

எண்ணெய் பிரேக்கில் குழாய்க்குள் சிக்கிய காற்றை எடுப்பது ஒற்றை ஆள் வேலை இல்லை. ஒருவர் வண்டிக்குள் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிள் என்ற சின்னத் திருகைத் திறந்து மூட வேண்டும். கீழேயிருந்து அர்ச்சுனன் “மிதி” என்பான், “பிடி” என்பான், நிப்பிளை மூடிவிட்டு “விடு” என்பான். மேலேயிருந்து குமுதா, “மிதிச்சேன் அண்ணே, பிடிச்சிருக்கேன் அண்ணே, விட்டுட்டேன் அண்ணே” என்பாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் அதைச் சொல்லி விளையாடும் அளவுக்கு அந்தத் தெருவில் அது பழகிய சத்தம்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் ஜெயபாலனுக்கு அவள்மேல் மனம் போனது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன், மனைவியைப் புற்றுநோய்க்குக் கொடுத்தவன், அதிகம் பேசாதவன். பிரேக் போட வந்த இடத்தில், காரணமே இல்லாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வந்தான். பிறகு ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டான். குமுதா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். அதுதான் அவள் பதில்.

ஆனால் ஜெயபாலன் மட்டும் ஆசைப்பட்டால் போதுமா? அவனுக்கு மேலே அண்ணன் சுகுமாரன் இருந்தார். குத்தகைக்காரர், லாரிகளுக்குச் சொந்தக்காரர், சுங்காய் பக்கம் தாங்கள் பிறந்த தோட்டத்துக் கோயிலுக்குத் தலைவர். அந்த லாரிகள் அத்தனையும் அர்ச்சுனன் கொட்டகைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. சுகுமாரனுக்கும் மேலே அவர்கள் அம்மா மங்களம் இருந்தாள்.

“எனக்கு ஒண்ணும் இல்ல அர்ச்சுனா. அம்மா ஒருதடவ பொண்ணப் பாக்கட்டும். திருவிழாவுக்கு வாங்க, அங்கயே பேசி முடிச்சிடலாம் லா,” என்றார் சுகுமாரன். சொல்லிவிட்டு, “அதுக்குள்ள என் காடி ரெடியாயிடணும்,” என்றார்.

காடி என்றது அந்தத் தோட்டத்துத் துரையின் பழைய ஆஸ்டின் கார். துரை போய், ரப்பர் பால்மரமும் போய், காடெல்லாம் செம்பனையாகிப் போன பிறகும், வண்டி மட்டும் யாரோ ஒரு சீனத் தௌக்கே முதலாளியின் கிடங்கில் கோழி அடையக் கிடந்தது. சுகுமாரனின் அப்பா அதை ஆயுசு முழுக்கக் கழுவித் துடைத்தவர். ஒருநாள் கூட உள்ளே உட்கார்ந்ததில்லை. ஒருமுறை சீட்டில் கை ஊன்றியதற்குத் துரை காலால் எத்தினான் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. அதே வண்டியில் ஏறி, அதே தோட்டத்துக் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு போய் இறங்க வேண்டும். சுகுமாரனுக்கு அந்த ஆசை. நியாயமான ஆசைதான், அதில் குற்றமில்லை.

வண்டியில் இருந்தது கம்பி பிரேக். மிதித்தால் நீளமான கம்பிகள் இழுத்துச் சக்கரத்தைப் பிடிக்கும். மழையென்றால் பிடிக்காது, இறக்கமென்றால் யோசித்துப் பிடிக்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய மாரிஸ் மைனரிலிருந்து எடுத்த சாமான்களை வைத்து எண்ணெய் பிரேக்காக மாற்றினான் அர்ச்சுனன். பொருத்தும் வேலை அழகாக முடிந்தது. மிதித்துப் பார்த்தால் பெடல் ஈரச் சோற்றில் கால் வைத்த மாதிரி உள்ளே போனது.

காற்று இருக்கிறது. எங்கே இருக்கிறது? சாயங்காலம் சாயங்காலமாகத் தேடினான். குழாய் மாற்றினான், எண்ணெய் மாற்றினான், வாஷர் மாற்றினான். மிதி, பிடி, விடு. குமுதாவின் வலது காலில் பெருவிரலுக்குக் கீழே தோல் கறுத்துக் காய்த்துப் போனது. பெடல் மட்டும் கெட்டியாகவில்லை.

“கால்ல உசிரு இருக்கா இல்லையா? நீ மிதிக்கிற லட்சணத்துக்குத்தான் காத்து உள்ள போவுது!” என்று கீழேயிருந்து கத்தினான். தெருவே கேட்டது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கடைசியில் பார்த்தால், இடது சக்கரத்துச் சிலிண்டரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தான் இவன். நிப்பிள் அடியில் போய்விட்டது. காற்று மேலே நிற்கும், அடியில் திறந்தால் எண்ணெய்தான் வரும், காற்று எப்படி வரும்? கண்டுபிடித்தவனும் அவன்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் மாற்றிப் போட்டுவிட்டு, பெடல் கல்லாக நின்றதும், திட்டின வாயால் ஒரு வார்த்தை சொன்னானா? “கோப்பி போடு” என்றான். அவ்வளவுதான்.

அன்றைக்கு மட்டும் மனம் குளிர்ந்து தங்கச்சிக்குப் பாடம் நடத்தினான். பெடலை விரலால் தட்டிக் காட்டினான். அது கொஞ்சம் சும்மா ஆடிவிட்டு அப்புறம்தான் கெட்டியானது.

“இந்த ஆட்டம் இருக்குப் பாரு, இதுதான் உசிரு. கால எடுத்தா பிஸ்டன் முழுசா பின்னால வந்துடணும். வந்தாத்தான் எண்ணெய் டேங்குக்குத் திரும்பிப் போற ஓட்டை தொறக்கும். ஆட்டம் இல்லாம, பிஸ்டனத் தள்ளுற ராட்ட முறுக்கி வச்சேன்னு வையி, ஓட்டை அடச்சிக்கும். ஓட ஓட எண்ணெய் சூடாகி வீங்கும், போக எடமில்ல, தானாவே பிரேக்கு பிடிச்சுக்கும். அப்புறம் யானை கட்டி இழுத்தாலும் நவுராது.”

“அப்ப ஆட்டம் இருந்தாத்தான் நல்லதா அண்ணே?”

“அதான் சொல்றேன்ல.”

திருவிழாவுக்கு முதல்நாள் சுகுமாரன் வந்து ஏறி உட்கார்ந்து மிதித்துப் பார்த்தார். முகம் சுருங்கியது. “என்னா இது, பெடலு லொடலொடன்னு ஆடுது? தொட்டவொடனே பிடிக்கணும் லா. துரை காடி இது.”

வேறு யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அர்ச்சுனன் என்ன பதில் சொல்லியிருப்பான் என்று ஈப்போவுக்கே தெரியும். ஆனால் எதிரில் நிற்பது நாளைய சம்பந்தி. “அது அப்படித்தான் பாஸ் இருக்கணும்,” என்று ஆரம்பித்தவன், சுகுமாரனின் புருவத்தைப் பார்த்ததும் பாதியில் விழுங்கினான். கீழே படுத்து, ராடை முறுக்கி, ஆட்டத்தை இல்லாமல் ஆக்கினான். சுகுமாரன் மறுபடி மிதித்தார். “ஹா! இது பிரேக்கு,” என்று அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கோப்பித் தம்ளரை எடுக்க வந்த குமுதா தயங்கித் தயங்கிக் கேட்டாள். “அண்ணே, ஆட்டம்தான் உசிருன்னு சொன்னீங்களே?”

“ஒருநாளைக்கு ஒண்ணும் ஆயிடாது. எல்லாம் ஒனக்காகத்தான் செய்றேன். வாய மூடிக்கிட்டுப் போ.”

மறுநாள் காலையில், லாரியில் ஏற்றிக் கொண்டுபோயிருந்த ஆஸ்டின் சுங்காய்ப் பட்டணத்தில் மாலை போட்டுப் புறப்பட்டது. ஓட்டியது சுகுமாரன், பக்கத்தில் அர்ச்சுனன். பின்னால் ஒரு வேனில் மற்றவர்கள். முன்னே உறுமி அடித்துக்கொண்டு பையன்கள் நடந்தார்கள் என்பதால் வண்டி ஊர்ந்துதான் போனது. செம்மண் சாலையில் அடிக்கு ஒருதரம் பிரேக். வெயில் தகரத்தை உருக்கியது. பாதி வழியில் அர்ச்சுனன் மூக்குக்கு அந்த வாசனை வந்தது. பிரேக் கட்டை கருகுகிற வாசனை. அவனுக்குத் தெரியாத வாசனையா அது?

“காடி இழுக்க மாட்டேங்குதே அர்ச்சுனா?”

“பழைய இஞ்சின் லா பாஸ். மெல்லப் போங்க.”

அங்கேயே நிறுத்தச் சொல்லி, கீழே படுத்து, ராடை இரண்டு முறுக்குத் தளர்த்தியிருந்தால் ஒரு சிகரெட் பிடிக்கும் நேரம். ஊர்வலத்தை நிறுத்த வேண்டும், ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லை. சாமி மேல் பாரத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தான்.

கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தது வண்டி. பூசாரி நான்கு சக்கரத்துக்கும் நான்கு எலுமிச்சம்பழம் வைத்தார். கூட்டத்தின் ஓரத்தில், வேப்பமரத்துக்குப் பின்னால், நீலச் சேலையில் குமுதா நின்றிருந்தாள். அர்ச்சுனன் இறங்கிப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தான்.

“முன்னால வந்து நில்லு. அந்தம்மா கண்ணுல படணும்.”

“நான் எதுக்கு அண்ணே முன்னால? வேணாம். இப்படியே ஓரமா...”

“சொன்னதச் செய்.”

வண்டிக்கு நேர் எதிரே, கோயிலுக்கு முதுகு காட்டி அவளை நிறுத்தினான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். வேனில் சாய்ந்து நின்ற ஜெயபாலன் அவளைப் பார்த்துச் சிரிக்கலாமா வேண்டாமா என்று நின்றான்.

சுகுமாரன் கியர் போட்டார். வண்டி ஒருதரம் குலுங்கி அணைந்தது. மறுபடி கிளப்பினார், மறுபடி குலுங்கி அணைந்தது. நான்கு பழமும் அலுங்காமல் இருந்தன. பையன்கள் தோள் கொடுத்துத் தள்ளினார்கள். வேர் விட்ட மாதிரி நின்றது. உறுமிக்காரன் தானாகவே அடிப்பதை நிறுத்தினான்.

அந்த அமைதியில் மங்களத்தின் குரல் எழுந்தது. “நில்லுங்கடா. காடிக்கு எதிர்ல யாரு நிக்கிறது?”

எல்லாத் தலையும் திரும்பியது.

“மெக்கானிக்கு தங்கச்சிதானே? அடி ஆத்தா, ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால வந்து நிக்க ஊர்ல வேற ஆளே கெடைக்கலையா? தாயி வாசல்ல வந்து மறிச்சிக்கிட்டு நிக்கிறாளே!”

மங்களமும் தாலி இழந்தவள்தான். ஆனால் மகன் கோயில் தலைவராகிவிட்டால் அம்மாவின் விதவைக் கோலம் யார் கண்ணுக்கும் படாது. அது பணமில்லாதவளுக்கு மட்டும் வருகிற வியாதி.

அர்ச்சுனன் அதற்குள் ஸ்பேனரோடு முன்சக்கரத்துக்கு அடியில் படுத்துவிட்டான். சக்கரத்து டிரம்மிலிருந்து அடுப்புச் சூடு அடித்தது. சந்தேகமே இல்லை, பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. நிப்பிளை அரைத் திருப்பு திறந்தால் வீங்கின எண்ணெய் பீறிட்டு வெளியே வரும், வண்டி விட்டுவிடும். ஸ்பேனரை நிப்பிளில் மாட்டினான். மாட்டிக்கொண்டு, திருப்பாமல் கிடந்தான்.

கீழேயிருந்து பார்த்தால் ஊரே பாதங்கள்தான். சரிகைக் கரைக்குக் கீழே மங்களத்தின் பாதங்கள் முன்னும் பின்னும் நடந்தன. அவற்றுக்கு அப்பால், அசையாமல், குமுதாவின் பாதங்கள். வலது காலில் அந்தக் கறுத்த காய்ப்பு. அந்த இரண்டு பாதமும் அவனைப் பார்த்தே நின்றன. அவளுக்குத் தெரியும். அத்தனை பேர் இருந்த அந்த வாசலில், அவனைத் தவிர அவள் ஒருத்திக்குத்தான் வண்டி ஏன் நகரவில்லை என்று தெரியும்.

“அண்ணே,” என்றாள். சத்தமாக இல்லை, பெடலில் கால் வைத்துக் கூப்பிடுகிற அதே குரலில்.

‘பிரேக்கு பிடிச்சிருக்கு, என் தப்பு’ என்று சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்? அர்ச்சுனன் நினைத்துப் பார்த்தான். சாமி வாசலில் எங்கள் மானத்தை வாங்கினவன் என்று மங்களம் சொல்வாள். சுகுமாரன் லாரிகளைத் திருப்பிக்கொள்வார். பாரிட் புந்தாரிலிருந்து சுங்காய் வரை, அர்ச்சுனன் போட்ட பிரேக் நடுவாசலில் மாட்டிக்கொண்டதாம் என்று கோப்பிக்கடை தோறும் சிரிப்பார்கள். அவள் போய்விட்டால் இனி யார் சோறாக்குவார், யார் மிதிப்பார் என்றும் ஒரு நினைப்பு ஓரமாக வந்து போனது. வரவில்லை என்றால் அது பொய்.

கீழேயிருந்தபடியே குரல் கொடுத்தான். “குமுதா, பெரியவங்க சொல்றாங்கல்ல? கொஞ்சம் தள்ளித்தான் நில்லேன் லா.”

அந்தப் பாதங்கள் உடனே நகரவில்லை. பிறகு நகர்ந்தன. ஒவ்வொரு அடியாகப் பின்னால் போய், கூட்டத்தின் செருப்பில்லாத கால்களுக்குள் கலந்து காணாமல் போயின. அர்ச்சுனன் நிப்பிளைத் திருப்பினான். கொதிக்கும் எண்ணெய் அவன் முழங்கை வரை அடித்தது. மூடினான், துடைத்தான், மண்ணில் விழுந்ததன் மேல் கையால் மண்ணை இழுத்துப் போட்டு மறைத்தான். வெளியே வந்து, “இப்ப எடுங்க பாஸ்,” என்றான்.

ஆஸ்டின் வெண்ணெயாக நகர்ந்தது. நான்கு பழமும் நசுங்கின. உறுமி எழுந்தது, பெண்கள் குலவையிட்டார்கள். “பாத்தீங்களா? பாத்தீங்களாடி?” என்று மங்களம் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? பாவம் எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு சுகுமாரன் கொடுத்த மாலையை வாங்கிக்கொண்டது. பழி பந்தியில் உட்காராமல் வேனுக்குள் போய் உட்கார்ந்திருந்தது.

கல்யாணப் பேச்சு அங்கேயே நின்றது. ஈப்போ வீட்டுக்கு வந்ததும் குமுதா சேலை மாற்றிக்கொண்டு உலை வைத்தாள்.

வண்டி சுகுமாரன் வீட்டிலேயே இருந்தது. ராட் முறுக்கினபடியே இருக்கிறது, இன்னொரு நாள் மாட்டும் என்று அர்ச்சுனனுக்குத் தெரியும். கொண்டுவாருங்கள் என்று கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். அதனால் கூப்பிடவில்லை. ஓட்டுகிறவன் உயிர் அவனுக்கு அவ்வளவுதான்.

திருவிழா முடிந்து மறு வாரம் ஒரு சாயங்காலம், ஆஸ்டினை ஜெயபாலனே ஓட்டிக்கொண்டு வந்தான். சட்டையெல்லாம் வேர்வை. “கோப்பெங்குக்குப் போய்ட்டு வாரேன், நடுரோட்டுல நாலு சக்கரமும் பிடிச்சுக்கிச்சு அண்ணே. பின்னால லாரி. கொஞ்சத்துல போயிருப்பேன். ஓரமா நின்னு ஆறின பொறவு தானா வுட்டுடுச்சு.”

அர்ச்சுனன் டிரம்மைத் தொட்டுப் பார்த்தான். குமுதா தேத்தண்ணியோடு வாசல்படியில் வந்து நின்றாள்.

ஜெயபாலன் அவளைப் பார்த்தான், பிறகு அவனைப் பார்த்தான். லாரிக்காரன், பிரேக் தெரியாதவன் இல்லை. “அண்ணே, ஒண்ணு கேக்குறேன். அன்னிக்குக் கோயில்லயும் இதே கோளாறுதானே? நீங்க ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். எங்கண்ணன்கிட்டயும் பேசிக்கிறேன். ஒங்க தங்கச்சிய நான் கட்டிக்கிறேன்.”

தெருவில் யாரோ மோட்டார் சைக்கிளை அணைத்தார்கள். கெட்டுப்போனது திரும்பி வந்து வாசலில் நின்று, ஒரு வார்த்தை போதும் என்கிறது. இப்படி எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

“இல்ல தம்பி,” என்றான் அர்ச்சுனன், டிரம்மைப் பார்த்துக்கொண்டே. “இது எண்ணெய் பழசாயிடுச்சு, மாத்தணும். அன்னிக்குப் பிரேக்குல ஒண்ணுமில்ல.”

ஜெயபாலன் வாசல்படியைப் பார்த்துத் திரும்பினான். “நீங்கதானே மிதிப்பீங்க? ஒங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே. நீங்க சொல்லுங்க.”

குமுதா அண்ணன் முகத்தையே பார்த்தாள். அவன் ஸ்பேனர் பெட்டிக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தான். தேடி முடிக்கவே இல்லை. சொல்லிவிட்டு அவள் எங்கே போவாள்? அண்ணன் இல்லை என்று சொன்னபிறகு, அறுத்தவள் பேச்சை அந்த வீட்டில் யார் கேட்பார்?

“நான் மிதிக்கிறதோட சரி,” என்றாள். “பிரேக்க பத்தி அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஜெயபாலன் தேத்தண்ணியை வாங்கிக் குடிக்காமல் படியில் வைத்துவிட்டு, சாவியைப் பானட்டின் மேல் வைத்துவிட்டுத் தெருமுனைக்கு நடந்து போனான். அதற்குப் பிறகு லாரிக்குப் பிரேக் போட வேறு ஓட்டுநர்கள்தான் வந்தார்கள்.

அர்ச்சுனன் ஆஸ்டினுக்கு அடியில் படுத்தான். ராடைத் தளர்த்தினான், விரல் வைத்துப் பார்த்துச் சரியான அளவில் இறுக்கினான். எண்ணெய் மாற்றினான். கூப்பிட வேண்டுமே என்று அவன் நினைத்துக்கொண்டிருக்கும்போதே மேலே கதவு திறந்து, சீட்டு அழுந்தும் சத்தம் கேட்டது. குமுதா வந்து உட்கார்ந்திருந்தாள். பெடலைக் காலால் மெல்லத் தொட்டுப் பார்த்தாள். அது சும்மா கொஞ்சம் ஆடிவிட்டுக் கெட்டியானது.

“இப்ப ஆட்டம் இருக்கு அண்ணே,” என்றாள்.

அடியில் நிப்பிளில் ஸ்பேனர் மாட்டும் சத்தம் கேட்டது.

“மிதி,” என்றான் அர்ச்சுனன்.

“மிதிச்சேன் அண்ணே,” என்றாள் குமுதா.